பச்சை நூலில் ஒரு பெயர்

…இந்த முறை விடப்போவதில்லை, போன வருடம் அசடு வழியத் திரும்பிப் போன ஆர்டிஸ் பெல்க்கி இல்லை இவள், கைப்பையில் பங்குப் பதிவாளர் அலுவலகத்துக் கடிதம் இருக்கிறது, நாலாக மடித்து மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள், இருக்கிறது, எங்கும் போகவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு பங்குகள், கெட்டில் ரிவர் ஃபுட்ஸ் கம்பெனி, சொந்தக்காரர் ஆர்டிஸ் எம். பெல்க்கி. தரகன் பெயர் இல்லை, வேறு எவன் பெயரும் இல்லை, அவள் பெயர் மட்டும். வரிசை ஓர் அடி நகர்ந்தது. ஆப்பிள்டன் ஓட்டலின் இரண்டாவது மாடித் தாழ்வாரம், காலடியில் சிவப்புக் கம்பளம், முன்னால் பதினைந்து பேர் இருப்பார்கள், பெரும்பாலும் நரைத்த தலைகள், பங்குதாரர் கூட்டத்துக்கு வந்தவர்களா இலவசக் காபிக்கும் லவங்கப்பட்டை பன்னுக்கும் வந்தவர்களா என்று சொல்ல முடியாத முகங்கள். பக்கத்து மேஜையில் பட்டாணி டப்பாக்களைக் கோபுரமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளலாமாம். அவள் கை தானாகப் போய் ஒன்றை எடுத்துத் தலைகீழாகத் திருப்பியது. டப்பாவின் அடியைப் பார்க்காமல் அவளால் எந்தக் கடையிலும் ஒரு டப்பாவைக் கீழே வைக்க முடிந்ததில்லை. கே ஒன்பது. தெற்கே, இல்லினாய்ஸில் எங்கேயோ. அவள் வேலை பார்த்த பைன் ஹாலோ ஆலையில் அடைத்ததென்றால் கே நாலு என்றிருக்கும், கே நாலு இனி எந்த டப்பாவின் அடியிலும் வராது, நாலு வருடமாக வரவில்லை, அதற்குக் காரணமான கம்பெனித் தலைவன் இன்னும் அரைமணி நேரத்தில் அந்தக் கதவுக்குப் பின்னால் மேடையில் உட்கார்ந்திருப்பான், இன்றைக்குத்தான் அவனுடைய கடைசிக் கூட்டம், நாளை முதல் ஓய்வு, ஃபிளாரிடாவில் படகு வாங்கியிருக்கிறானாம். அதனால்தான் இன்றைக்கு. அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது.

கேள்வியை ஓர் அட்டையில் எழுதி வைத்திருக்கிறாள். பதினோரு தடவை எழுதி, பத்தைக் கிழித்து, கடைசியில் தேறியது மூன்றே வரி. ‘அக்டோபர் ஒன்பதாம் தேதி பைன் ஹாலோ ஆலையில் மரப்பலகை மேல் ஏறி நின்று, சொந்தக்காரன் முகத்தில் எவனும் கதவைச் சாத்த மாட்டான் என்று சொன்னீர்கள். ஒன்பது மாதத்தில் கதவு சாத்தப்பட்டது. சாத்தியது யார்?’ அவ்வளவுதான். இதற்குமேல் ஒரு சொல் கூட வேண்டாம். அத்தனை பேர் பார்க்க லைல் பிராண்ட்வோல்டின் முகம் வேகவைத்த பீட்ரூட் மாதிரி ஆக வேண்டும், அவன் கழுத்துப்பட்டையைத் தளர்த்த வேண்டும், தண்ணீர்க் குவளையைத் தேட வேண்டும், பக்கத்தில் இருக்கும் வக்கீல் அவன் காதில் ஏதோ சொல்ல வேண்டும்… அதை அவள் பார்க்க வேண்டும். ஆலையில் கூட வேலை பார்த்த பெவ் கேட்டாள், வரும் வழியில், காரை ஓட்டிக்கொண்டே, வாய் நிறையப் பாலாடைக்கட்டித் துண்டை மென்றுகொண்டே கேட்டாள், “கேட்டுட்டு என்னடி பண்ணப் போற? பட்டாணி மறுபடியும் நம்ம ஊருக்கு வரவா போகுது?” பெவ் தன் பங்குகளை ஆலை மூடிய வாரமே விற்றுக் கூரைக்குத் தகடு போட்டுவிட்டாள், அவளுக்கு உள்ளே வர உரிமை இல்லை, கீழே காரில் உட்கார்ந்து லாட்டரிச் சீட்டைச் சுரண்டிக்கொண்டிருப்பாள். பெவ்வுக்குக் கோபம் கிடையாது. பெவ்வுக்குக் கூரை ஒழுகவில்லை, அது போதும். எல்லோரும் அப்படி இருந்துவிட முடியுமா?

லைலை ஆலையில் எல்லோருக்கும் பிடித்திருந்தது, அதுதான் கொடுமை. முன்பின் தெரியாத ஒரு கோட்டுக்காரன் எங்கிருந்தோ வந்து ஆலையை மூடியிருந்தால் அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு வேறு வேலை தேடியிருக்கலாம். லைல் அந்த ஆலையிலேயே மேலாளராக இருந்தவன், பன்னிரண்டு வருடம், பட்டாணிக் காலத்தில் அவர்களோடு சேர்ந்து பதினாறு மணி நேரம் நின்றவன். டப்பா மூடும் இயந்திரங்கள் இரண்டும் ஒன்றாக ஓடினால் பக்கத்தில் நிற்பவள் பேசுவது காதில் விழாது, அந்தச் சத்தத்திலும் அவன் வரிசை வரிசையாக நடந்து வருவான், ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான், “என்னம்மா ஆர்டிஸ், முதுகு எப்படி இருக்கு?” என்பான். முந்நூற்று நாற்பது பேர், பட்டாணிக் காலத்துக்கு மட்டும் வரும் கல்லூரிப் பிள்ளைகள் உட்பட ஒருவர் பெயரும் அவனுக்குத் தப்பாது. மற்ற ஆலைகளில் எண் சொல்லிக் கூப்பிடுவார்களாம், இங்கே வெள்ளைக் கோட்டின் இடது மார்பில் அவரவர் பெயரைப் பச்சை நூலில் தைத்துக் கொடுத்தது, அவனும் அந்தப் பெயர்களை வாய் நிறையச் சொன்னது, எல்லாம் ஊரில் பெருமையாகப் பேசப்பட்டவை. அப்புறம் தலைமை அலுவலகத்துக்குப் போனான், மேலே மேலே போனான், தலைவனானான், அப்போதும் ஆண்டுக்கொரு தடவை வருவான். அந்த அக்டோபரில் வந்தபோதுதான் பலகை மேல் ஏறி நின்று சம்பளத்தில் பிடித்துப் பங்கு வாங்கச் சொன்னான், நீங்கள் கூலிக்காரர்கள் இல்லை, சொந்தக்காரர்கள் என்றான், கைதட்டினார்கள், இவளும் தட்டினாள், கை சிவக்கத் தட்டினாள். ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்ததை மறுவாரமே இரட்டிப்பாக்கினாள். அடுத்த ஜூலையில், பட்டாணி முடிந்த மறுநாள், வாசலில் சங்கிலி. சங்கிலிக்கு இந்தப் பக்கம் முந்நூற்று நாற்பது சொந்தக்காரர்கள்.

வரிசை நகர்ந்தது. இன்னும் ஒன்பது பேர். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது போன வருடத்துப் பெண்ணில்லை, இது சின்னப் பெண், பின்னல் போட்டவள். போன வருடம் இருந்தவளை மறக்க முடியுமா, முத்து மாலை, மெல்லிய உதடு, பட்டியலில் விரலை ஓட்டி, பெல்க்கி, பெல்க்கி, பெல்க்கி… இல்லையே மேடம் என்றாள். தரகனிடமிருந்து வந்த கணக்குத்தாளை ஆர்டிஸ் நீட்டினாள், இதோ பாருங்கள், நானூற்றுச் சொச்சம் பங்கு. “இது உங்க தரகர் புத்தகம் மேடம், எங்க புத்தகத்துல நீங்க இல்லை. அவர்கிட்டேருந்து தனியா அனுமதிக் கடிதம் வாங்கிட்டு வந்திருக்கணும்.” அப்படி ஒரு கடிதம் உண்டு என்றே அப்போது தெரியாது. நின்றுகொண்டே இருந்தாள். பின்னால் நிற்பவர்கள் இருமினார்கள். அந்த நேரம் பார்த்து மின்தூக்கியிலிருந்து லைல் வெளியே வந்தான், இரண்டு பேர் புடைசூழ, என்ன விஷயம் என்று கேட்டான், முத்து மாலைக்காரி சொன்னாள், லைல் சிரித்தான், அதே பழைய சிரிப்பு, இவள் தோளில் கை வைத்தான். “சட்டம் அப்படி இருக்கும்மா, நான் என்ன பண்ண? அடுத்த வருஷம் உங்க பேர்லயே எழுதிக்கிட்டு வந்துடுங்க.” பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, அதை அவள் கவனித்தாள், குற்றமுள்ள நெஞ்சு, அந்தப் பெயரைச் சொல்ல அவன் நாக்கு கூசியிருக்கும் என்றுதான் நினைத்தாள், இன்றும் அப்படித்தான் நினைக்கிறாள். அது போகட்டும். தோளில் கை வைத்ததும் போகட்டும். அவள் என்ன சொன்னாள்? “ரொம்ப நன்றி, லைல்.” நன்றி! கதவைச் சாத்துகிறவனுக்கு நன்றி! இந்த ஊர்க்காரர்களுக்கு பிறக்கும்போதே வாயில் அந்த வார்த்தையை வைத்துத் தைத்துவிடுகிறார்கள், கார் இடித்தாலும் நன்றி, வேலை போனாலும் நன்றி. வீட்டுக்குத் திரும்பும் நூற்றுப் பத்து மைலும் அந்த ஒரு வார்த்தை நாக்கில் கசந்தது, இன்னும் கசக்கிறது. எழுதிக்கிட்டு வாங்க என்றான். எழுதிக்கொண்டு வந்திருக்கிறேனடா.

அதற்குள் பட்ட பாடு. கிப் இருக்கிறானே, கிப் ஷுல்டைஸ், மீன்தூண்டில் கடைக்கு மேல்மாடியில் தரகு அலுவலகம் வைத்திருக்கிறவன், ஆலை மூடியபோது எல்லோருடைய பங்குகளையும் அவனிடம்தான் மாற்றினார்கள். அவனிடம் போய், என் பங்குகளைக் கம்பெனிப் புத்தகத்தில் நேராக என் பெயருக்கு எழுத வேண்டும் என்றபோது, தன் பல்லைப் பிடுங்கக் கேட்ட மாதிரி பார்த்தான். “ஏன் ஆர்டிஸ், எங்ககிட்டயே இருக்கட்டுமே? உங்களுதுதானே?” என்னுடையது என்றால் என் பெயர் ஏன் அங்கே இல்லை? அப்போதுதான் இழுத்து இழுத்துச் சொன்னான், ஊரில் எல்லாப் பங்கும் நியூயார்க்கில் ஒரு பெட்டகக் கம்பெனி பெயரில்தான் இருக்குமாம், அந்தக் கம்பெனி புத்தகத்தில் தரகன் பெயர், தரகன் புத்தகத்தில் இவள் பெயர், ஒன்றுக்குள் ஒன்று, முட்டைக்கோஸ் மாதிரி. விற்க வாங்கச் சுலபமாம். “பேர்ல என்ன இருக்கு, காசு வந்தாச் சரி” என்று சிரித்தான். கிப்புக்குப் பெயரில் ஒன்றும் இல்லை, அவன் பெயர்தான் சன்னல் கண்ணாடியில் தங்க எழுத்தில் இருக்கிறதே. படிவம் கொடுத்தான், நிரப்பினாள், கையெழுத்து பொருந்தவில்லை என்று திருப்பினான், மறுபடி நிரப்பினாள், அவன் ஒரு வாரம் ஏரிப் பனியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கப் போய்விட்டான், வந்த பிறகு கால் பங்கு ஒன்று உதிரியாக இருக்கிறது, முழுப் பங்கைத்தான் மாற்ற முடியும், என்ன செய்ய என்றான், வித்துத் தொலை என்றாள். ஒவ்வொரு திங்கட்கிழமையும், பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு தட்டு கழுவி முடித்த ஈரக் கையோடு தொலைபேசியில் காத்திருந்தாள், அந்தப் பக்கம் குழலிசை, இருபது நிமிடம், நாற்பது நிமிடம், காத்திருப்பதில் ஒரு ருசி கூட வந்துவிட்டது, ஒவ்வொரு நிமிடத்தையும் லைலின் கணக்கில் எழுதினாள். ஒருநாள் தபாலில் இந்தக் கடிதம் வந்தது. சமையலறை மேஜையில் வைத்து, தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள், முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தில் பெயர் எழுதின பிள்ளை மாதிரி. அன்றைக்குத்தான் கிப்புக்கும் முழுக்குப் போட்டாள். அவன் கொடுத்த நாட்காட்டி, அவன் பெயர் போட்ட பேனா, அப்புறம் அவன் அலுவலகத்திலிருந்து கம்பெனிக் கூட்டம் பற்றி வந்த தடித்த உறை ஒன்று, பிரிக்கக் கூட இல்லை, எல்லாவற்றையும் கொல்லையில் குப்பை எரிக்கும் தகரப் பீப்பாயில் போட்டுக் கொளுத்தினாள், பேனா உருகி நாறியது, நல்ல நாற்றம்.

கொளுத்துவதில் என்ன இருக்கிறது, மூடின வருடம் எவ்வளவோ கொளுத்தினாள். ஆலையின் வெள்ளைக் கோட்டைக் கொளுத்தினாள், பச்சை நூல் கடைசியில்தான் பிடித்தது. கம்பெனித் தொப்பி, கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். பத்தாண்டு முடித்ததற்கு லைல் தன் கையால் கொடுத்த கண்ணாடிச் சட்டத்தை மட்டும் கொளுத்தவில்லை, அதற்கு அதைவிட நல்ல மரியாதை செய்தாள், கோழிக்கூண்டின் பின்பக்கம் கீரி நுழைகிற ஓட்டைக்கு அதை வைத்து ஆணி அடித்தாள், எழுத்து உள்பக்கம் இருக்கும்படி, கோழிகள் பார்க்கட்டும், பார்த்துக்கொண்டே எச்சமிடட்டும் என்று. தங்க ஓரம் போட்ட காகிதம், கீழே லைல் பிராண்ட்வோல்ட், ஆலை மேலாளர் என்று வளைத்து வளைத்து ஒரு கையெழுத்து. நாலு குளிர்காலம் ஆகிவிட்டது, இப்போது கையெழுத்து தெரிகிறதோ இல்லையோ. இன்னும் மூன்று பேர். இரண்டு. வாய் உலர்ந்தது, காபி குடித்திருக்கலாம், வேண்டாம், அவன் காபியும் வேண்டாம்.

“பெல்க்கி” என்றாள் ஆர்டிஸ். “ஆர்டிஸ் எம்.” பின்னல் போட்ட பெண் காகிதத்தைப் புரட்டினாள், சட்டையில் மேகி என்று அட்டை குத்தியிருந்தாள், நகத்தில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு வண்ணம். புரட்டினாள், திரும்பப் புரட்டினாள். அந்த விரலின் வேகம் குறைவதை ஆர்டிஸ் பார்த்தாள், அந்த வேகக்குறைவு அவளுக்குத் தெரியும், ஒரு வருடமாகக் கனவில் பார்த்த வேகக்குறைவு. கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள், வைக்கவில்லை, அறைந்தாள். மேகி அதைப் படித்தாள், உதட்டைக் கடித்தாள். “மேடம், உங்க பேர் புத்தகத்துல ஏறினது மார்ச் இருபத்திநாலு. இந்தக் கூட்டத்துக்குப் பட்டியல் எடுத்த நாள் மார்ச் இருபது. அன்னிக்கு யார் பேர் இருந்ததோ அவங்கதான் இதுல வருவாங்க.” நாலு நாள். “இருபதாம் தேதி உங்க பங்கு தரகர்கிட்டதான் இருந்திருக்கு. அவங்க ஒரு உறை அனுப்பியிருப்பாங்களே, பெரிசா? அதுல இருக்கிற படிவத்தை எழுதி அனுப்பினா அனுமதிக் கடிதம் தருவாங்க, அது இருந்தாக்கூடப் போதும்…”

தகரப் பீப்பாய். பேனா உருகின நாற்றம் இப்போது இங்கே, இந்தக் கம்பளத்தின் மேல், மூக்கில் ஏறியது. கிப் மீன் பிடித்த ஒரு வாரம், பொருந்தாத கையெழுத்து, அந்த உதிரிக் கால் பங்கு, நாலு நாள்… இல்லை, கிப்பைச் சொல்லி என்ன, கிப் உறையை அனுப்பியிருக்கிறான், ஒழுங்காக, தபால்தலை ஒட்டி, கொளுத்தினது யார்? பழி வாங்குகிறேன் என்று வாசல் சாவியை அடுப்பில் போட்டது யார்? விருந்தினர் அட்டை தருகிறேன், உள்ளே உட்காரலாம், ஆனால் பேச முடியாது, கையும் தூக்க முடியாது என்று மேகி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், பின்னால் ஒரு கிழவர் இருமினார், இதோ இப்போது வாய் திறக்கும், இதோ நன்றி என்று சொல்லும், பழக்கதோஷம், அது வெளியே வருவதற்குள் பல்லைக் கடித்தாள் ஆர்டிஸ், அப்படியே நின்றாள், போக மாட்டேன், தூக்கித்தான் போட வேண்டும். “வேற பேர்ல ஏதாவது இருக்குமா மேடம்?” என்றாள் மேகி, பாவம், சும்மா ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டாள். “கல்யாணத்துக்கு முந்தின பேர், அந்த மாதிரி?” இதுதான் கல்யாணத்துக்கு முந்தின பேர், என்றாள் ஆர்டிஸ். நடுவில் பதினாறு வருடம் வேண்டஹே என்றிருந்தது, கேரி வேண்டஹே, அவனை விட்டு வந்த அன்றே அந்தப் பெயரையும் விட்டாகிவிட்டது. மேகி கடைசிப் பக்கத்துக்குப் போனாள். வண்ண நகம் ஓரிடத்தில் நின்றது. “ஆர்டிஸ் வேண்டஹே. பாக்ஸ் நாற்பத்தொண்ணு, பைன் ஹாலோ.” நிமிர்ந்தாள். “ஒரு பங்கு.”

ஒரு பங்கா? நான் வாங்கினதில்லையே… வரி எண்ணின் கடைசி நாலு இலக்கம் கேட்டாள் மேகி, ஆர்டிஸ் சொன்னாள், சொல்லும்போது குரல் வேறெங்கிருந்தோ வந்தது. பொருந்தியது. “இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு மேடம் இது. காகிதப் பத்திரமாக் கொடுத்திருக்காங்க. ஊழியர் பரிசுன்னு போட்டிருக்கு.” அந்தப் பத்தாண்டு விழா, ஹாம் ரொட்டி, நீள கேக், அதில் பச்சைச் சர்க்கரையில் பத்து என்ற எண், லைல் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுக் கண்ணாடிச் சட்டத்தைக் கையில் கொடுத்தது, இவள் அதைப் பாராட்டுப் பத்திரம் என்றே நினைத்தது, எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், யார் அந்தப் பொடி எழுத்தைப் படித்தார்கள், அது பங்கு. கோழிக்கூண்டு. கீரி ஓட்டை. அதன்பேரில் வந்த கடிதமெல்லாம் கேரி வீட்டுக்குப் போயிருக்கும், கேரி தபாலைப் பிரிக்காமல் விறகடுப்பு மூட்டுகிறவன், அந்த விஷயத்தில் மட்டும் இருவருக்கும் பொருத்தம் இருந்திருக்கிறது. அப்படியென்றால்… அப்படியென்றால் போன வருடமும் அவள் பெயர் இந்தப் பட்டியலில் இருந்திருக்கிறது! முத்து மாலைக்காரியின் விரலுக்கு நாலு பக்கம் தள்ளி, அவள் தலை குனிந்து நன்றி சொல்லிக்கொண்டிருந்த அந்த நிமிடத்திலும், புத்தகத்தில் அவள் சொந்தக்காரியாகத்தான் இருந்தாள். கிப்போடு மல்லுக்கட்டியது, குழலிசை, திங்கட்கிழமைகள், எல்லாம் எதற்கு? “ஒரு பங்குக்குப் பேச விடுவாங்களா?” என்று கேட்டாள். மேகி சிரித்தாள். “ஒண்ணா இருந்தாலும் ஒம்பதாயிரமா இருந்தாலும் நாற்காலி ஒண்ணுதான் மேடம்.” பச்சை நிறத்தில் ஓர் அட்டை கொடுத்தாள், பெயர் இல்லை, எண் மட்டும், நாற்பத்தேழு. ஆர்டிஸ் வாங்கிக்கொண்டாள். நன்றி சொன்னாள். இந்தப் பெண்ணுக்குச் சொல்லலாம்.

உள்ளே பெரிய கூடம், பாதி நாற்காலி காலி. நடுவழி ஓரமாக, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள், அவன் கண்ணுக்கு நேராக. மேடையில் லைல், முடி இன்னும் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது, நல்ல சாம்பல் கோட்டு, பக்கத்தில் வக்கீல், அவள் நினைத்த இடத்திலேயே. யாரோ எண்கள் வாசித்தார்கள், திரையில் கோடுகள் ஏறின, எல்லாக் கோடும் ஏறித்தான் இருந்தது, பைன் ஹாலோவை மூடினதால் ஏறின கோடு எது? அவளுக்கு அது கேட்கவில்லை. அவளுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது, ஒரே நேரத்தில் இனித்தது, கசந்தது. அவன் கொடுத்த பங்கு. அவள் காசில், வாரா வாரம் சம்பளத்தில் பிடித்து வாங்கிய நானூற்றுப் பன்னிரண்டும் வாசலோடு நின்றுவிட்டன, அவன் ஹாம் ரொட்டியோடு கொடுத்த ஒன்று கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்திருக்கிறது. சொந்தக்காரர்கள் என்றானே, அது பொய் என்று நிரூபிக்கத்தானே இத்தனை பாடு? ஒரு பங்கு அளவுக்கு அது பொய்யில்லையோ? சீ, என்ன நினைப்பு இது. இதைவிட நல்லது என்ன வேண்டும், அவன் கையெழுத்தை வைத்தே அவன் கழுத்தைப் பிடிப்பேன், பாம்பு தன் பல்லாலேயே தன்னைக் கடித்துக்கொள்ளட்டும். அட்டையை எடுத்தாள். மூன்று வரி.

அவன் விடைபெறும் பேச்சு பேசினான். முப்பத்தைந்து வருடம் என்றான், குடும்பம் என்றான், ஆலைத் தளத்திலிருந்து வந்தவன் நான் என்றான். “ஒவ்வொரு ஆலையிலும் ஒவ்வொருத்தர் பேரும் எனக்குத் தெரியும். அதான் என் பெருமை.” கைதட்டினார்கள். ஆர்டிஸ் கைகளை மடியில் கோத்துக்கொண்டாள், இந்தக் கை ஒரு தடவை தட்டினது போதும். கேள்வி உண்டா என்றார் வக்கீல், பேசுகிறவர்கள் முதலில் பெயரையும் பங்கு எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும். ஒரு கிழவர் ஈவுத்தொகை பற்றிக் கேட்டார், ஒரு பெண்மணி டப்பாவில் உப்பு அதிகம் என்றாள், சிரித்தார்கள். ஆர்டிஸ் பச்சை அட்டையைத் தூக்கினாள். ஒரு பையன் மைக்கோடு ஓடி வந்தான். எழுந்தாள். நல்ல நீல ஸ்வெட்டர் போட்டிருந்தாள், பெவ் இரவல் கொடுத்தது, முன்பக்கம் ஒரு பொத்தான் கூடக் கிடையாது. லைல் அவளைப் பார்த்தான். பார்த்ததும் முகம் மலர்ந்தது, நிஜமாகவே மலர்ந்தது, தெரிந்த முகம், பழைய முகம், ஆலை முகம்.

“அட, பைன் ஹாலோவா? வாங்க வாங்க. சொல்லுங்கம்மா…” என்று ஆரம்பித்தான், ஆரம்பித்த இடத்தில் நின்றான். அந்த ‘அம்மா’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு பெயர் வர வேண்டும், இருபது வருடமாக வந்த இடம். அப்போது அவள் பார்த்தாள். அவன் கண் அவள் முகத்திலிருந்து கீழே இறங்கியது, கெட்ட பார்வை இல்லை, பழக்கப்பட்ட பார்வை, விளக்கு சுவிட்சைத் தேடும் கை மாதிரி நேராக இடது மார்புக்குப் போனது, பச்சை நூல் இருக்க வேண்டிய இடத்துக்கு. அங்கே நீல ஸ்வெட்டர். வெறும் நீலம். அவன் கண் ஒரு கணம் அங்கேயே தடவியது, மேலே வந்தது, மறுபடி இறங்கியது… என்னம்மா ஆர்டிஸ், முதுகு எப்படி இருக்கு? பன்னிரண்டு வருடம். அந்தச் சத்தத்திலும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறானே என்று எல்லோரும் வீட்டில் போய்ப் பெருமையடித்தார்களே… படித்தானா? இத்தனை நாளும் படித்துத்தான் சொன்னானா? போன வருடம் தோளில் கை வைத்தபோதும் நாக்கு கூசவில்லையா, சொல்ல ஒன்றும் இல்லாமல்தான் விட்டானா? யாரைப் பழி வாங்க நான் ஒரு வருடம் தூங்காமல் கிடந்தேன்? இவன் என்னை ஏமாற்றக் கூட இல்லையே, ஏமாற்றுவதற்கு முதலில் என்னைத் தெரிந்திருக்க வேண்டாமா?

மைக் கையில் கனத்தது. “பேரைச் சொல்லுங்க மேடம்” என்றார் வக்கீல். முதலில் பெயர், அப்புறம் பங்கு, அப்புறம் கேள்வி, அதுதான் விதி. கேள்வி அட்டை வலது கையில் இருந்தது, அதிலிருந்த மூன்று வரியும் இப்போது யாரோ யாருக்கோ எழுதினது போலிருந்தது. பின்னால் நாற்காலிகள் அசைந்தன. லைல் சிரிப்பை இறக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், கழுத்துப்பட்டைக்கு மேலே மெல்லச் சிவப்பு ஏறத் தொடங்கியது, கை தண்ணீர்க் குவளையைத் தேடியது. ஆர்டிஸ் மைக்கை வாய்க்கருகில் கொண்டுபோனாள், உதட்டைத் திறக்கவில்லை.

தேடட்டும்.